கொழும்ப ரெண்டு நாள்ல, ஊரு வளந்த வரிசையிலேயே நடந்து பாக்குறது எப்படி

மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் பக்கத்துல இருந்து கோயில் குரூப்பு, சொந்தக்காரங்க குரூப்புன்னு சிலோன் டூர் போறவங்களுக்கு ஏறக்குறைய ஒரே ப்ரோக்ராம்தான், ஏர்போர்ட்ல இறங்குன உடனே வேன்ல ஏறி கண்டி, அப்புறம் நுவரெலியா சீதை கோயில், அங்கிருந்து கதிர்காமம், திரும்பி வர்ற அன்னிக்கு கொழும்புல ரெண்டு மணி நேரம் ஷாப்பிங், அதோட ப்ளைட். கொழும்புல என்னா இருக்கு, வெறும் ஜாம்தானேன்னு கேக்குறாங்க. எனக்கு இதுல ஒத்துப் போகல. தமிழ்லயே பேசி சமாளிக்கக்கூடிய ஒரு பெரிய ஊரு, நம்ம தோட்டத்துக் கதையோட ஒரு முனை அங்கதான் கெடக்கு, அத கண்ணாடிக்கு பின்னால இருந்து பாத்துட்டு வர்றது வேஸ்ட்டு. கண்டிக்கு முன்னால முழுசா ரெண்டு நாள் ஒதுக்குங்க, எப்படி பாக்குறதுன்னு சொல்றேன்.

வழி சிம்பிள்தான். கொழும்பு துறைமுகத்த வச்சு வளந்த ஊரு, அதனால துறைமுகத்துக்கிட்ட ஆரம்பிச்சு உள்ளுக்குள்ள போங்க, யாரு யாரு எந்த வரிசையில வந்தாங்களோ அந்த வரிசையிலேயே ஊரும் வரும். ஹோட்டல் ரிசப்ஷன்ல குடுக்குற லிஸ்ட்ட வச்சுகிட்டு அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு த்ரீவீலர்ல ஓடுனீங்கன்னா ஒண்ணும் மனசுல நிக்காது.

இன்னொண்ணு முதல்லயே சொல்லிடுறேன், கொழும்பு சட்டப்படி தலைநகர் இல்ல. தலைநகர் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே, கொழும்புக்கு தென்கிழக்கால ஒட்டுனாப்ல இருக்கு, 1982ல இருந்து பார்லிமெண்ட் அங்கதான். ஆனா பேங்க், துறைமுகம், பெரிய ஆபீஸ் எல்லாம் கொழும்புலயே தங்கிடுச்சு. நம்ம ஊர்ல கோலாலம்பூர், புத்ராஜெயான்னு பிரிச்ச மாதிரின்னு நெனச்சுக்கலாம், ஒரு வித்தியாசம், புத்ராஜெயா செம்பனைக் காட்ட வெட்டி புதுசா கட்டுனது, கோட்டே கொழும்புக்கு முன்னாடியே ராஜா இருந்த ஊரு. அதனால அத ரெண்டாவது நாள் கடைசிக்கு வச்சிருக்கேன், காரணம் அங்க வரும்போது புரியும்.

போறதுக்கு முன்னாடி கொஞ்சம் வேல இருக்கு. கேஎல்ஐஏல இருந்து ப்ளைட் மூணரை மணி நேரம் போல, அங்க மணி நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால, அதனால காலையில கெளம்புனா அங்க போயி பசியாறிட்டே ஊர் சுத்தலாம். ஈடிஏ, அதான் விசா மாதிரி பயண அனுமதி, ஆன்லைன்ல எடுக்கணும், ரூலு அடிக்கடி மாறுது, அரசாங்க வெப்சைட்லயே பாருங்க, கூகல்ல முதல்ல வர்ற ஏஜெண்ட் சைட்டு கூட காசு புடுங்கும். காலண்டர்ல பௌர்ணமி எப்போன்னு பாத்துக்குங்க, அங்க ஒவ்வொரு பௌர்ணமியும் போயா லீவு, அன்னிக்கு மதுவும் இறைச்சியும் விக்க மாட்டாங்க, ஆபீஸும் நெறைய கடையும் பூட்டியிருக்கும். டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வெயில் நல்லாருக்கும், மே மாசத்துக்கு மேல தென்மேற்கு மழை வந்துடும், நமக்கு மழை பழக்கம்தான் ஆனா நடக்குற ப்ளான் கெட்டுப்போகும். ஏர்போர்ட் இருக்குறது கட்டுநாயக்கால, ஊருக்கு வடக்கால முப்பது கிலோமீட்டருக்கு மேல, 187ம் நம்பர் பஸ் சீப்பு, குடும்பமா போனா பிக்மீ ஆப்ல காடி புக் பண்ணிடுங்க, வெலை முன்னாடியே தெரிஞ்சிடும், பேரம் பேசுற தொல்லை இல்ல. நம்ம ரிங்கிட்ட ஏர்போர்ட்ல கொஞ்சமா மாத்திக்கிட்டு மிச்சத்த ஊருக்குள்ள மாத்துங்க. தங்குறதுக்கு துறைமுகத்துப் பக்கம் இருக்குற கோட்டை ஏரியாவும் வேணாம், பக்கத்து புறக்கோட்டை பஜாரும் வேணாம், ராத்திரியில அந்தப் பக்கம் அடங்கிப் போயிடும், பம்பலப்பிட்டி இல்லன்னா வெள்ளவத்தைல ரூம் போடுங்க, சாப்பாடு காலடியில, ரயில் பக்கத்துல, எல்லா கடையிலயும் தமிழ்.

முதல் நாள் காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கொச்சிக்கடைக்கு போயிடுங்க, அங்க பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். 1856ல பொன்னம்பல முதலியார் ஆரம்பிச்சது, அப்புறம் அவரு மகன் சர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்க கருங்கல்லுல திருப்பிக் கட்டுனாரு. உள்ள நுழைஞ்சா இருட்டா, குளுகுளுன்னு, தூண் தூணா இருக்கும், நம்ம ஊரு பெயிண்ட் அடிச்ச கோயில் பாத்து பழகுன கண்ணுக்கு இந்தக் கல்லு கொஞ்சம் நேரம் புடிக்கும், அவசரப்படாதீங்க. அங்கிருந்து நடந்தாப்லயே அந்தோனியார் கோயில், சைவக்காரங்க சிங்களவங்க எல்லாரும் போயி மெழுகுவத்தி ஏத்துற எடம், செவ்வாய்க்கெழமைன்னா கூட்டம் தாங்காது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்னிக்கு குண்டு வெடிச்ச எடங்கள்ல இதுவும் ஒண்ணு. உள்ள போயி பேசாம ஒக்காந்துட்டு வாங்க, செல்பி எல்லாம் வேணாம்.

அப்படியே செட்டியார் தெருவுல எறங்குங்க. ரெண்டு பக்கமும் நகைக்கடை, நடுவுல பழைய கதிரேசன் கோயிலும் புது கதிரேசன் கோயிலும். நாட்டுக்கோட்டை செட்டியாருங்க வட்டிக்கடை வச்சிருந்த தெரு இது, ஆடி மாசம் வேல் இங்கிருந்துதான் ரதத்துல கெளம்பி பம்பலப்பிட்டி பக்கம் போகும். பினாங்குல தைப்பூசத்துக்கு முன்னாடி நாள் வெள்ளி ரதம் பாத்தவங்களுக்கு வெளக்கமே வேணாம், அதே செட்டியாருங்க, அதே ஏற்பாடு, வங்காள விரிகுடாவுக்கு ரெண்டு கரையிலயும் நடந்திருக்கு. நகை வாங்குற எண்ணம் இருந்தா ரெண்டு மூணு கடை ஏறி எறங்கி செய்கூலிய கேட்டுட்டு வாங்குங்க.

இதுக்கு கீழதான் புறக்கோட்டை. சந்து ஒண்ணுக்கு ஒரு சாமான்னு வச்சிருப்பாங்க, துணி ஒரு தெரு, எலக்ட்ரிக் சாமான் ஒரு தெரு, கேபோஸ் லேன்ல மூலிகை, வேரு, எண்ணெய். தலையில மூட்டைய வச்சுகிட்டு ஆளுங்க ஓடுவாங்க, கைவண்டி முதுகுல இடிக்கும், ஓரமாவே நடங்க, பர்ஸ் முன்னாடி இருக்கட்டும். கடைக்காரங்க பாதிக்கு மேல தமிழும் முஸ்லிமும்தான், பேச்சுக்கு கவலையே இல்ல. இந்த சந்துக்கு நடுவுல செவப்பும் வெள்ளையுமா கோடு போட்ட ஒரு பள்ளிவாசல் நிக்கும், 1909ல கட்டி முடிச்சது, தொழுகை நேரம் இல்லன்னா கை கால மூடிகிட்டு உள்ள போயி பாக்கலாம். இந்தத் துறைமுகத்துக்கு வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடியே சோனகர்னு சொல்ற முஸ்லிம் வியாபாரிங்க இருந்தாங்க, 1344ல மொராக்கோ நாட்டு யாத்ரீகர் இபின் பதூதா வந்து எழுதி வச்சிருக்காரு. லவங்கப்பட்டைதான் சரக்கு. அங்க கறுவான்னு சொல்லுவாங்க, கடையில கேக்குறதுக்கு ஒதவும், ஒரு கட்டு வாங்கிட்டு வாங்க, நம்ம பாசார்ல விக்கிற தடிப்பட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, பேப்பர் மாதிரி மெல்லிசா சுருட்டி இருக்கும்.

நேரமும் காலும் இருந்தா மேட்டு மேல உல்பெண்டால் டச்சு தேவாலயம் ஏறலாம், 1757ல தெறந்தது, செவுரு அஞ்சு அடி கனம் இருக்கும் போல. இல்லன்னா விட்டுடுங்க, பெரிய நஷ்டம் இல்ல.

மத்தியானம் புறக்கோட்டையில சோறு சாப்டுட்டு கோட்டைக்கு நடந்துடலாம், பக்கம்தான். இங்கதான் மூணு வெள்ளைக்காரன் கதையும் அடுக்கடுக்கா இருக்கு. போர்த்துகீசியன் 1505ல வந்தான், 1518ல மொதல் கோட்டை கட்டுனான், அப்புறம் அவனே விட்டுட்டு போயி திரும்பவும் வந்தான். கண்டி ராஜா ரெண்டாம் ராஜசிங்கன் அவன வெரட்டுறதுக்கு டச்சுக்காரன கூப்புட்டாரு, மாசக்கணக்கா முற்றுகை போட்டு 1656 மே மாசம் ஊரப் புடிச்சாங்க, புடிச்ச பிறகு டச்சுக்காரன் ராஜாவுக்கு ஊரக் குடுக்கவே இல்ல, கதவ சாத்திட்டான். 1796ல அவங்கிட்ட இருந்து பிரிட்டிஷ்காரன். 1870 வாக்குல கோட்டைச் சுவர இடிச்சிட்டாங்க, அதனால கோட்டைன்னு போயி மலாக்கா ஃபமோசா மாதிரி ஏதாவது வாசல் நிக்கும்னு தேடாதீங்க. தேட வேண்டியது டச்சு ஆஸ்பத்திரி, ஓடு போட்ட தாழ்வார வீடு, இந்த ஏரியாவுலயே ரொம்ப பழைய கட்டடங்கள்ல ஒண்ணு, இப்ப ரெஸ்டாரண்ட்டும் கடையுமா மாத்திட்டாங்க. தெரு நடுவுல ஒரு மணிக்கூண்டு நிக்கும், 1857ல கட்டுனது, கொஞ்ச காலம் அதுவே கலங்கரை விளக்கமாவும் இருந்துச்சு. கார்கில்ஸ் செவப்புக் கட்டடம் 1906. சென்ட்ரல் பேங்க் பக்கம் போனீங்கன்னா, 1996 ஜனவரி 31ல அங்க லாரி குண்டு வெடிச்சு நெறைய பேரு செத்தாங்க, அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் இந்தத் தெருவெல்லாம் அடைச்சு வச்சிருந்தாங்க, இப்ப சும்மா நடந்து போலாம்.

துறைமுகத்த வெளிய இருந்துதான் பாக்க முடியும், ஆனா அது எப்படி பெருசாச்சுன்னு தெரிஞ்சுகிட்டு பாருங்க. முன்ன பெரிய கப்பலெல்லாம் தெக்க காலிங்குற ஊரு துறைமுகத்துலதான் நின்னுச்சு. மலையில காப்பித் தோட்டம், சரக்க கீழ கொண்டு வர 1860கள்ல ரயில் போட்டாங்க, 1867ல கண்டி வரைக்கும் போயிடுச்சு. 1869ல காப்பி எலையில நோய் விழுந்து தோட்டமெல்லாம் படுத்துப் போச்சு, போண்டியான தொரைங்க சில பேரு மலாயா பக்கம் வந்து தோட்டம் போட்டாங்க, மிச்ச பேரு தேயிலைக்கு மாறுனாங்க. 1875ல கடலுக்குள்ள அலை தடுப்புச் சுவருக்கு கல்லு வச்சு 1885ல முடிச்சாங்க, நடுவுல 1883ல கொழும்புல தேயிலை ஏலம் ஆரம்பிச்சுச்சு. அதோட காலி படுத்துச்சு, கொழும்பு ஏறுச்சு. இந்தத் துறைமுகத்துல ஏறுன ஒவ்வொரு தேயிலைப் பெட்டிக்கும் பின்னால கங்காணி, காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டு, லயத்து வீடுன்னு நம்ம தாத்தா பாட்டி பாத்த அதே வாழ்க்கைதான் மலை மேல நடந்துச்சு. அங்க சொதந்தரம் வந்த 1948லயே மலையகத் தமிழருங்க பெரும்பாலானவங்களோட குடியுரிமைய சட்டம் போட்டு எடுத்துட்டாங்க, நம்ம ஊர்ல குடியுரிமை கெடைக்காம செவப்பு ஐசி வச்சுகிட்டு அலைஞ்ச பெருசுங்களுக்கு அந்த வேதனைய சொல்லிப் புரிய வைக்க வேணாம்.

சாயங்காலம் கொம்பனித் தெரு வழியா போங்க. டச்சுக்காரன் அடிமைங்கள அடைச்சு வச்ச எடம், பிரிட்டிஷ்காரன் ஆங்கிலத்துல ஸ்லேவ் ஐலண்ட், அடிமைத் தீவுன்னே பேரு வச்சுட்டான். இங்க மலாய் குடும்பங்க இருக்கு லா, டச்சுக்காரன் ஜாவா பக்கத்துல இருந்து சிப்பாயா, நாடு கடத்துன ஆளா கொண்டு வந்தவங்களோட வாரிசுங்க. வயசான பாக்சிக் யாராச்சும் திண்ணையில இருந்தா மலாய்ல நலம் விசாரிச்சுப் பாருங்க, மூஞ்சி மலர்ந்திடும், அவங்க மலாய் நம்மளோடத விட வேற மாதிரி இருக்கும், ஆனா புரியும். பழைய வீடெல்லாம் இடிச்சு டவர் கட்டிட்டு இருக்காங்க, இன்னும் கொஞ்ச வருஷத்துல எவ்வளவு மிஞ்சும்னு தெரியல, அதனால இத தள்ளிப் போடாதீங்க. பக்கத்து பெய்ரா ஏரியில தாமரைக் கோபுரம் 350 மீட்டர் நிக்குது, கேஎல் டவர் ஏறுனவங்க டிக்கெட் காச மிச்சம் புடிக்கலாம். அந்தக் காசுக்கு கங்காராமய விகாரைக்கு போங்க, தண்ணி மேல சீமா மாலகன்னு ஒண்ணு இருக்கு, இலங்கை ஆர்க்கிடெக்ட் ஜெப்ரி பாவா டிசைன். செருப்ப கழட்டணும், தோளு முட்டி மூடியிருக்கணும், புத்தர் சிலைக்கு முதுக காட்டி போட்டோ எடுக்காதீங்க, அங்க அது நெசமாவே பிரச்சனையாகும்.

பொழுது சாயுற நேரத்துக்கு காலிமுகத்திடல்ல இருக்கணும். கவர்னர் ஹென்றி வார்ட் 1859ல போட்ட திடல், ஒரு முனையில 1864ல ஆரம்பிச்ச ஹோட்டல், இன்னொரு முனையில 1930ல தெறந்த பழைய பார்லிமெண்ட் கட்டடம், அது இப்ப ஜனாதிபதி செயலகம். 2022ல பெட்ரோல் இல்ல, கேஸ் இல்ல, பால்மாவு இல்லன்னு ஜனங்க கூடாரம் போட்டு மாசக்கணக்கா ஒக்காந்தது இந்தத் திடல்லதான், ஜூலையில ஜனாதிபதி கோத்தபாய நாட்ட விட்டே ஓடுனாரு. இப்ப அதே எடத்துல பட்டம் விடுறாங்க. எறால் வடை வாங்கி சாப்புடுங்க, அங்க இஸ்ஸோ வடைன்னு கேளுங்க, சூடா போடுற வண்டியா பாத்து வாங்குங்க.

ரெண்டாவது நாள் காலையில கறுவாத்தோட்டம். 1770 வாக்குல டச்சுக்காரன் காட்டுல போயி பட்டை உரிக்கிறத விட்டுட்டு தோட்டமாவே போட்ட எடம், இப்ப பங்களா, எம்பஸி, பெரிய மரம். நேரா தேசிய மியூசியத்துக்கு போங்க, 1877ல தெறந்தது, இங்க குறைஞ்சது ரெண்டு மணி நேரம் குடுங்க, எல்லா அறையும் பாக்கணும்னு இல்ல, ரெண்டு சாமான் மட்டும் விட்டுடாதீங்க. ஒண்ணு கண்டி ராஜாவோட சிம்மாசனம். டச்சுக்காரன் 1693ல பரிசா குடுத்தது, 1815ல கண்டிய புடிச்சப்ப பிரிட்டிஷ்காரன் தூக்கிட்டு போயி 1934லதான் திருப்பிக் குடுத்தான். அதுல கடைசியா ஒக்காந்தவரு ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வம்சம், வேலூர்ல காவல்ல வச்சு 1832ல அங்கயே போயி சேந்துட்டாரு.

இன்னொண்ணு ஒரு கல்லு, இதுக்காகவே நான் மியூசியம் போங்கன்னு சொல்லுவேன். மலாக்காவுல நம்ம பள்ளிக்கூட ட்ரிப்ல பாத்த சீன அட்மிரல் செங் ஹோ இருக்காரே, அவரோட கல்லு. 1409னு தேதி போட்டது, மூணு பாஷையில வெட்டுனது, சீனம், தமிழ், பாரசீகம். சீனத்துல புத்தருக்கு காணிக்கை, தமிழ்ல தெனாவரை நாயனாருக்கு, அது தெக்கு முனையில இருந்த விஷ்ணு கோயில், பாரசீகத்துல அல்லாவுக்கு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவங்கவங்க சாமி பேர்ல காணிக்கை, எவ்வளவு கெட்டிக்கார ஆளு பாருங்க. பொன்னு, வெள்ளி, பட்டு, எண்ணெய்னு பட்டியலும் இருக்கு. 1911ல காலி டவுன்ல இத ஒரு மதகுக்கு மூடியா கவுத்து வச்சிருந்தப்ப கண்டுபுடிச்சாங்க. தமிழ் எழுத்து பழசு, தேஞ்சும் இருக்கு, ஒடனே படிக்க வராது, பக்கத்துல எழுதி வச்சிருக்குறத படிச்சிட்டு திரும்பவும் கல்லப் பாருங்க, சில எழுத்து புடிபடும். பிள்ளைங்க கூட வந்தா இத அவங்களுக்கு ஒரு போட்டியா வச்சிடுங்க, மியூசியம் போரடிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க.

சொதந்தர மண்டபம் பக்கத்துலதான், கல்லுத் தூணு, சிங்கச் செலை, ஒரு சுத்து சுத்திட்டு கெளம்பலாம்.

மத்தியானத்துக்கு கடலோர ரயில்ல ஏறுங்க, கோட்டை ஸ்டேஷன்லயோ கொள்ளுப்பிட்டியிலயோ ஏறி வெள்ளவத்தையில எறங்கலாம், தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவுல பாறைதான், டிக்கெட் நம்ம காசுக்கு சில்லறை. ஆபீஸ் விடுற நேரத்துல மட்டும் ஏறிடாதீங்க, கதவுல தொங்குவாங்க. வெள்ளவத்தை முழுக்க யாழ்ப்பாணத்து வாசனைதான், சோறு, மீன் கொழம்பு, மொளகாப்பொரியல், ராத்திரின்னா இடியப்பமும் சொதியும், இல்ல கொத்து ரொட்டி, அந்தத் தகரத்துல அடிக்கிற சத்தம் தெரு முனை வரைக்கும் கேக்கும். நம்ம எஸ்டேட் ஆபீஸ்ல கிராணியா, கேடிஎம் ஸ்டேஷன்ல மாஸ்டரா இருந்தவங்கள்ல நெறைய பேரு அந்தப் பக்கத்து ஆளுங்கதான், அதனால கடையில மலேசியான்னு சொன்னா, எங்கட மாமா ஒராள் கிள்ளான்ல இருந்தவர்னு யாராச்சும் ஆரம்பிப்பாங்க. 1983 ஜூலையில பொரளை மயானத்துல ஆரம்பிச்ச கலவரம் ஊரு முழுக்க பரவுனப்ப இந்த காலி வீதியில தமிழ்க்கடை, தமிழ்வீடெல்லாம் எரிச்சாங்க, நெறைய பேரு கப்பல்ல வடக்குக்கு போனாங்க, அப்புறம் வெளிநாட்டுக்கு. அவங்களா பேசுனா கேளுங்க, நீங்களா தோண்டாதீங்க. சண்டை, இயக்கம், அரசியல் எல்லாம் கடையில ஒக்காந்து சத்தமா அலசுற பழக்கத்த இங்கயே விட்டுட்டு போங்க.

நாலு மணி வாக்குல கோட்டேக்கு காடி புடிங்க. இப்ப காரணம் சொல்றேன். காலையில கல்லுல பாத்த அதே செங் ஹோ இந்தக் கோட்டேயிலதான் சண்டை போட்டு, ஆண்டுகிட்டு இருந்த அழகேஸ்வரன புடிச்சு 1411ல சீனாவுக்கு கொண்டு போனாரு. அதுக்கப்புறம் வந்த ஆறாம் பராக்கிரமபாகு காலத்துலதான் கோட்டே ராச்சியம் உச்சிக்கு போச்சு, யாழ்ப்பாணத்தையும் புடிச்சாங்க, புடிச்ச தளபதி பேரு செண்பகப் பெருமாள். போர்த்துகீசியன் வந்தப்ப கொழும்பு இந்த கோட்டே ராஜாவோட துறைமுகம், அவ்வளவுதான். கடைசி ராஜா தர்மபால கிறிஸ்தவனா மாறி ராச்சியத்தையே போர்த்துகல் ராஜாவுக்கு எழுதி வச்சுட்டாரு, 1565லயே ஊர காலி பண்ணிட்டு கொழும்புக்குள்ள போயிட்டாங்க. நானூறு வருஷத்துக்கு மேல கழிச்சு பார்லிமெண்ட் திரும்ப அங்கயே வந்துச்சு, தியவன்னா ஏரிக்கு நடுவுல, இதுவும் பாவா கட்டுனதுதான், செம்புக் கூரை. சும்மா போனா உள்ள விட மாட்டாங்க, தியத்த உயன பார்க்குல நின்னா தண்ணிக்கு அந்தாண்ட நல்லா தெரியும். பழைய அகழி, மண் சுவரு எல்லாம் வீடுங்களுக்கு நடுவுல துண்டு துண்டா கெடக்கு, ஆசை இருந்தா தேடுங்க, பெருசா எதிர்பாக்க வேணாம்.

மூணாவது நாள் அரை நாள் கையில இருந்தா, தோட்டத்துல பொறந்து வளந்தவங்க கம்பஹா போகாம வராதீங்க. கோட்டை ஸ்டேஷன்ல மெயின் லைன் ரயில்ல ஏறுனா ஒரு மணி நேரம் போல. அங்க ஹெனரத்கொட தாவரத் தோட்டம், 1876ல பிரேசில் ரப்பர் விதைய லண்டன் கியூ தோட்டத்துல மொளைக்க வச்சு ஏறக்குறைய 1,900 கன்ன சிலோனுக்கு அனுப்புனாங்க, அத வளத்த எடம் இதுதான். அடுத்த வருஷம் 22 கன்னு சிங்கப்பூர் வந்துச்சு, அதுல 9 நம்ம கோலகங்சாருக்கு, அந்த மரத்துல ஒண்ணு இன்னும் டவுன்ல வேலி போட்டு நிக்குது, நம்ம பக்கத்து ஊர்தானே, பாத்திருப்பீங்க. பால் மரம் வெட்டுன கை உள்ள பெருசுங்கள கூட்டிட்டு போனா மரத்த தொட்டுப் பாத்து பட்டை இப்படி, வெட்டு அப்படின்னு அரை மணி நேரம் பேசுவாங்க, அதுக்கும் சேத்து டைம் வச்சுக்குங்க. பேக்க தூக்கிட்டே போயிடுங்க, கம்பஹாவுல இருந்து கட்டுநாயக்கா கிட்டதான், கொழும்புக்கு திரும்ப வராம அப்படியே காடி புடிச்சு ஏர்போர்ட் போயிடலாம், இல்ல டூர் வேன அங்கயே வரச் சொல்லிட்டா கண்டி ரோட்டுல ஏறிடலாம்.